நான்கு சிவப்பு வளையங்கள்: வாத்துக்குஞ்சுத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கு மேல்மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

வாத்துக்குஞ்சு வழங்கும் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதம் போன வாரம் எங்கள் மகளிர் குழுவுக்கு வந்து சேர்ந்தது. சென்ற மார்கழியில் கொடுத்த குஞ்சுகள் இறந்ததற்குப் பயனாளிகளின் பராமரிப்புக் குறைவே காரணம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வரும் மார்கழியில் இன்னும் ஆறு மலைக் கிராமங்களுக்கு இதே முறையில், ஒரு நாள் குஞ்சாகவே கொடுக்கப்போவதாக இரண்டாம் பக்கம் சொல்கிறது. முதல் பக்கத்தைக்கூட நாங்கள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்போம். இரண்டாம் பக்கத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊரில் 14 பெண்கள், ஆளுக்கு 10 குஞ்சு, மொத்தம் 140. முதல் வாரத்தில் 46 இறந்தன. அடுத்த ஐந்து வாரங்களில் ஒன்றும் இரண்டுமாக 22. ஏழாம் வாரம் தொடங்கி ஒன்பதே நாளில் 53. அந்த 140இல் இன்று ஊரில் நடமாடுவது 19 வாத்து. இந்தக் கணக்கை நாள், வீடு, நேரம் போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் எண்ணே இல்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். மருத்துவர் இல்லை. சமவெளியில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் திசுவியல் ஆய்வகத்தில் 24 ஆண்டுகள் உதவியாளராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கு வந்து பூண்டும் கேரட்டும் போடுகிறவள். ஆய்வகத்தில் என் வேலை, மருத்துவர்கள் அறுத்துக் கொடுக்கும் திசுவைப் பாரஃபினில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 5 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஹெமடாக்சிலின், ஈயோசின் சாயம் ஏற்றி ஸ்லைடாகக் கொடுப்பது. அந்த ஆண்டுகளில் என் கைவழியாகப் போன குடல் துண்டுகளை எண்ணினால் இந்த மலையைச் சுற்றிக் கட்டலாம். மாணவர்களுக்குப் பேராசிரியர்கள் சொன்னதையெல்லாம் மூலையில் நின்றபடி நானும் கேட்டிருக்கிறேன். சிலருக்குப் பாட்டுக் கேட்டு ராகம் பிடிபடுவது போல எனக்குக் குடல் பிடிபட்டது.

குஞ்சு வந்த அன்றைக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை, பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. ஜீப்பிலிருந்து துளை போட்ட அட்டைப்பெட்டிகளை இறக்கினார்கள். பெட்டி மேல் பொரிப்பகத்தின் ரப்பர் முத்திரை, தேதி திங்கள்கிழமை. மூடியைத் திறந்தபோது கீச்சுச் சத்தம் வரவேண்டும். வாத்துக்குஞ்சு பெட்டியென்றால் கடைவீதி மாதிரி இருக்கும். ஒரு சத்தமும் இல்லை. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். கால் பனிக்கட்டி மாதிரி இருந்தது. அலகை விரலால் நெருடினால் பசையாக ஒட்டியது. தண்ணீர் காணாத அலகு அப்படித்தான் இருக்கும்.

"தீனி தண்ணி ஒண்ணும் வெக்கலையா தம்பி?" என்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன். "வயித்துக்குள்ள கரு இருக்கும்மா, மூணு நாள் தாங்கும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றார். அவர் மேல் குற்றமில்லை. சொன்னவர்கள் சொன்னதைச் சொன்னார்.

மூணு நாள் தாங்கும் என்பது பாதி உண்மை. முட்டையிலிருந்து வெளியே வரும்போது மிச்ச மஞ்சள்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுத்தான் வருகிறது. உயிர் தரிக்க அது போதும். ஆனால் அந்தக் கருவில் கொழுப்பு மட்டுமா இருக்கிறது? தாய் வாத்து தன் உடம்பில் சேர்த்து வைத்த எதிர்ப்பொருளும் அதில்தான் இருக்கிறது. முதல் வாரங்களுக்குக் குஞ்சுக்கு இருக்கும் கவசம் அதுதான். அதை மலைக்குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருக்க எரிக்கும் விறகாக்கிவிடுகிறோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பசி என்பது வாத்துக்குஞ்சின் வயிற்றை மட்டும் காயவைப்பதில்லை. குடலுக்குள் அப்போதுதான் தொடங்கவேண்டிய ஒரு கட்டுமான வேலையைத் தள்ளிப்போடுகிறது.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உங்கள் திட்டம் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

பொரித்த அன்று ஒரு வாத்துக்குஞ்சின் குடலைச் சீவிப் பார்த்தால் நோயெதிர்ப்புத் திசு என்று சொல்ல அதிகம் இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள். ஆள் வராத சோதனைச்சாவடி மாதிரி. ஆசனவாய்க்கு மேலே முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு பை இருக்கும். கோழியில் உருண்டை, வாத்தில் சுண்டுவிரல் நுனி மாதிரி நீளவாக்கு. ஃபேப்ரீசியஸ் பை என்று பெயர். பதுவா நகரத்து உடற்கூறு ஆசிரியர் ஃபேப்ரீசியஸ் எழுதி வைத்தது அவர் இறந்தபிறகு 1621இல் அச்சானது. அதற்கப்புறம் 300 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பை எதற்கு என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அதை வெட்டியெடுத்த கோழிகளில் சில வேறொரு வகுப்புச் செய்முறைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குச் சால்மோனெல்லா ஊசி போட்டால் எதிர்ப்பொருளே வரவில்லை. 1956இல் கோழியியல் இதழ் ஒன்றில் வந்த அந்தக் கட்டுரையை அன்றைக்கு யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. இன்று மனித மருத்துவத்தில் எதிர்ப்பொருள் செய்யும் செல்லைப் பி செல் என்று சொல்கிறோமே, அந்த 'பி' இந்தப் பையின் ஆங்கிலப் பெயரான 'பர்சா'விலிருந்து வந்ததுதான். கோழியின் பின்பக்கத்திலிருந்து வந்த எழுத்து என்று சொன்னால் எங்கள் குழுவில் யாரும் நம்பவில்லை.

இந்தப் பையில் தயாரான செல்கள்தான் குடலுக்குக் குடிபெயர்ந்து அங்கங்கே முகாம் போடுகின்றன. சிறுகுடல் சுவரில் திட்டுத்திட்டாகச் சேர்வதற்குப் பேயர் திட்டு என்று பெயர். 1677இல் அதை விவரித்த சுவிஸ் மருத்துவர் பேயரின் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு, பேய்க்கு எதற்கு யாரையோ திட்டுகிற வேலை என்று சிரித்திருக்கிறேன். மஞ்சள்கருக் காம்பு ஒட்டியிருந்த இடத்தில் கரு வற்றியபிறகு மிஞ்சும் சின்ன மொட்டிலும் இந்தச் செல்கள் வந்து தங்கும். குருட்டுக்குடலின் கழுத்திலும் தங்கும். வாத்துக்கு என்றே ஒன்று உண்டு: சிறுகுடலில் நான்கு இடங்களில் இந்தத் திசு வளையமாகக் குடலைச் சுற்றி வளரும். கோழிக்குடலில் இப்படி வளையம் கிடையாது. நல்ல வாத்தின் குடலைப் பிளந்து விரித்துத் தண்ணீரில் அலசிப் பார்த்தால், சட்டைக் கையில் பட்டி வைத்துத் தைத்தது மாதிரி அந்த இடம் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும்.

இவையெல்லாம் முட்டைக்குள்ளேயே கட்டி முடிந்து வருவதில்லை. முதல் வாய்த் தீனி உள்ளே போய், அதோடு நல்ல நுண்ணுயிரும் போய்க் குடலில் குடியேறிய பிறகுதான் வேலை வேகம் பிடிக்கிறது. பொரித்ததும் இரை கிடைக்காத கோழிக்குஞ்சுகளில் பின்குடலுக்கு நிணச்செல்கள், அதாவது இந்த நோயெதிர்ப்புச் செல்கள், வந்து சேருவது முதல் இரண்டு வாரம் பின்தங்கிவிடுகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளில் குடலின் நிணத்திசு வளர்ச்சி குன்றியே இருக்கும். வாத்தில் இன்னொரு சங்கடம். குடல் சுவரில் ஊறிக் கிருமியை வாசலிலேயே மறிக்கும் எதிர்ப்பொருள் ஒன்று உண்டு, ஐஜிஏ என்பார்கள். அது வாத்துக்குஞ்சில் தாமதமாகத்தான் வரத் தொடங்கும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குஞ்சுக்கு இருப்பது தாய் கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருளும் நம் கைப்பக்குவமும்தான்.

நீங்கள் குஞ்சைக் கொடுத்தது சரியாக அந்த வாரங்களில். மேல்மலையின் மார்கழி. விடிகாலையில் கேரட் இலை மேல் உறைபனி உப்புத் தூவினது மாதிரி படிந்திருக்கும் மாதம். முதல் வாரத்தில் குஞ்சுக்கு 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் வீடுகளில் அந்தச் சூட்டுக்கு இருந்தது ஒரு குண்டு பல்பு, அதுவும் கரண்ட் இருக்கும்போது. பக்கத்துத் தோட்டத்து அக்கா மூன்று இரவு கரியடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மடியில் சாக்கைப் போட்டு அதற்குள் பத்துக் குஞ்சையும் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தார். அவருடைய பத்தில் ஏழு முதல் வாரம் தாண்டின. பராமரிப்புக் குறைவு என்ற வார்த்தையை அவருக்கு வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. பேரன் வாசித்துக் காட்டிவிட்டான்.

குஞ்சோடு ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தீர்கள். மஞ்சள் தூள். "முதல் நாளிலிருந்து ஐந்து நாள் குடிதண்ணீரில் கலக்கவும்" என்று துண்டுச் சீட்டு. ஆண்டிபயாட்டிக். எந்த நோய்க்கு? நோயே இல்லை, வராமல் இருக்க. சீட்டில் கையெழுத்து இல்லை, மருந்தின் முழுப்பெயர்கூட இல்லை. குடலுக்குள் நல்ல நுண்ணுயிர் குடியேறி, அதைப் பார்த்துத்தான் நிணத்திசு தன் ஆட்களைப் பழக்க வேண்டும் என்கிற அதே ஐந்து நாளில், குடியேற வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே அடித்து விரட்டும் தூள் இது. நோய் வந்த பறவைக்கு மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் நான் மறுக்கமாட்டேன், என் உயிரே ஒருமுறை அப்படித்தான் பிழைத்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குஞ்சுக்கும் கரைத்து ஊற்றும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அரசுக்கே தெரியும். தெரிந்துதான் 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாட்டிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் என்று தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. அந்தப் பொட்டலத்தில் இருந்தது எது என்று சொல்லுங்கள். காலி உறைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

தீவனத்தைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். வந்தது கோழிக்குஞ்சுத் தீவனம். வாத்துக்குக் கோழியைவிட நயாசின் என்ற வைட்டமின் அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையும். ஐந்தாறு குஞ்சுக்கு வளைந்தது. அதைக்கூட ஈஸ்ட் கலந்து கொடுத்துச் சமாளித்தோம். சமாளிக்க முடியாதது பூசணம். மூன்று மாதத்துக்கு ஒரே தடவையாக மூட்டைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். மேல்மலையின் ஈரத்தில் உப்பு ஜாடியே தண்ணீர் விடும். மூட்டையைப் பிரித்தால் கையில் கட்டிகட்டியாக வந்தது, மூக்கை அடைக்கிற புழுக்க நெடி. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கால் செத்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் வாத்துக்குஞ்சுக்குத்தான் கொடுத்துச் சோதித்தார்கள், அவ்வளவு சீக்கிரம் அதற்குப் பிடித்துக்கொள்ளும் என்பதால். ஈரலைக் கெடுக்கும், நான் மேலே சொன்ன அந்தப் பையையும் சுருக்கும். நாங்கள் மூட்டையை வெயிலில் காயவைத்துக் கொடுத்தோம். காயவைத்தால் நஞ்சு போகாது என்று எனக்குத் தெரியும். வேறு தீனி வாங்கக் காசில்லை, கொடுத்தோம்.

அடுத்து தடுப்பு மருந்து. நாலாவது வாரம் ஒரு பணியாளர் ஐஸ் பெட்டியோடு வந்தார். நல்ல மனிதர், மழையில் நனைந்துகொண்டு வீடுவீடாகப் போனார். குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விட்டார். என்ன மருந்து என்று புட்டியை வாங்கிப் பார்த்தேன். லசோட்டா. கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்கான மருந்து, ராணிக்கெட் நோய் என்று புத்தகத்தில் இருப்பது. அந்தக் கிருமி வாத்துக்குள்ளும் போகும், ஆனால் வாத்து பெரும்பாலும் அதற்கு நோய்ப்படுவதில்லை. வாத்தைச் சாய்ப்பது வாத்துப் பிளேக்கும் வாத்துக் காலராவும். "இது கோழிக்குள்ளது தம்பி" என்றேன். "கார்டுல கோழிதான்க்கா போட்டிருக்கு, நான் என்ன பண்ண?" என்று கார்டைக் காட்டினார். உண்மைதான். அட்டை கோழிக்கு அச்சடித்தது. தலைப்பில் 'கோழி' என்ற சொல்லை அடித்துப் பேனாவால் 'வாத்து' என்று எழுதியிருந்தார்கள். உங்கள் முழுத்திட்டத்தையும் அந்த ஒரு அடித்தலில் பார்த்துக்கொள்ளலாம். அந்த அட்டையும் என்னிடம் இருக்கிறது.

ஏழாவது வாரம். மாலையில் தின்றுகொண்டிருந்த குஞ்சு காலையில் கிடந்தது. வெளிச்சம் கண்டால் கண்ணை மூடிக்கொண்டன, இமை ஒட்டிக்கொண்டது. தண்ணீர்ச் சட்டியைவிட்டு நகரவே இல்லை. அலகு நீலம் பாய்ந்தது. ஆசனவாயில் ரத்தக் கசிவு. முதல் நாள் நாலு, அடுத்த நாள் ஒன்பது. மூன்று முறை தொலைபேசியில் சொன்னோம். முதல் முறை "நாளைக்கு வருகிறோம்." இரண்டாம் முறை "ஊர் எது, இங்கிருந்து எவ்வளவு தூரம்?" மூன்றாம் முறை "குளிர்ல செத்திருக்கும்மா."

கொத்தாக வாத்து சாகிறது என்று ஒருவர் சொன்னால் அதற்குக் குளிர் என்று பதில் சொல்லலாமா? 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் பக்கத்துக் கேரளத்தில், ஆலப்புழை வட்டாரத்தில் பறவைக்காய்ச்சல் வந்து வாத்துகளை ஆயிரக்கணக்கில் அழிக்க வேண்டியிருந்ததே. எங்களுக்கும் கேரளத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மலைச்சரிவு. பறவைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்யவாவது யாராவது வந்து மாதிரி எடுத்து, பறவைக்காய்ச்சலைச் சோதிக்கும் போபால் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் அந்தக் குஞ்சுகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள் ஐயா.

யாரும் வராததால் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். தோட்டத்தின் கடைசி மூலையில், முகத்துக்கு மூன்று மடிப்புத் துணி, கையில் இரண்டு அடுக்குக் கையுறை, தீவனச் சாக்கை விரித்து, அப்போதுதான் இறந்த இரண்டு குஞ்சை அறுத்தேன். வேறு யாரும் இதைப் பார்த்து வீட்டில் செய்துவிடாதீர்கள் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். பறவைக்காய்ச்சல் கிருமியாக இருந்திருந்தால் நான் இதை எழுத இல்லாமலே போயிருக்கலாம்.

குடலை வெளியே எடுத்துச் சாக்கின் மேல் நீளமாக வைத்தேன். பிளக்கவே தேவையிருக்கவில்லை. வெளியிலிருந்தே தெரிந்தது. வெளிறிய குடலில் இடைவெளி விட்டு நான்கு இடத்தில் கருஞ்சிவப்பு வளையம், மோதிரம் இறுகிக் கன்றிப்போன விரல் மாதிரி. பிளந்து பார்த்தால் உள்ளேயும் அதே வளையம், மேற்பரப்பு புண்ணாகி. தொண்டைக்குழாயின் மடிப்பு நெடுக மஞ்சள் பொருக்கு. ஃபேப்ரீசியஸ் பை சிவந்து ஊறியிருந்தது. ஈரலில் சின்னச்சின்ன வெள்ளைப் புள்ளி. இரண்டாவது குஞ்சிலும் வளையம் நான்கு.

வாத்துப் பிளேக்கை உண்டாக்குவது ஒரு ஹெர்பிஸ் வைரஸ். இது நிணத்திசுவைத் தேடிப்போய் அழிக்கும். வளர்ந்த வாத்தில் உடம்பெங்கும் ரத்தக்கசிவாகத் தெரிவது, இளங்குஞ்சில் அதைவிட அதிகமாக இந்த நிணத்திசுப் புண்ணாகத்தான் தெரியும். வாரக்கணக்காக வளர்ந்துகொண்டிருந்த காவல் எங்கெங்கே முளைவிட்டதோ அங்கங்கே போய் எரித்திருக்கிறது. 24 ஆண்டுகள் அந்த வளையத்தை ஊதா நிறச் சாயத்தில்தான் பார்த்திருக்கிறேன். ரத்தச் சிவப்பில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வளையத்தைப் பார்த்து மட்டும் இன்ன நோய் என்று நான் முடிவு சொல்லவில்லை. அதற்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் குளிரில் செத்த குஞ்சுக்கு வளையம் சிவக்காது. இது எந்தக் கால்நடை மருத்துவருக்கும் தெரியும். குடலை அறுத்துப் பார்த்தால்.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்க விரும்பவில்லை. ஐந்தாவது வாரம் குழுவில் ஒருவர், செத்ததை ஈடுகட்ட, சந்தையிலிருந்து இரண்டு வளர்ந்த மணிலா வாத்து வாங்கிவந்து அதே குட்டையில் விட்டார். அந்த இரண்டுக்கும் ஒன்றுமில்லை, இன்றைக்கும் கொழுகொழுவென்று இருக்கின்றன. இந்த நோயிலிருந்து பிழைத்த பறவை வெளியே நன்றாக இருந்துகொண்டே கிருமியைச் சுமந்து திரியலாம். அங்கிருந்துதான் வந்ததா, குட்டைக்கு வந்த காட்டு வாத்திலிருந்தா, குஞ்சோடே வந்ததா, யாருக்குத் தெரியும்? புதுப்பறவையைத் தனியாக வைக்க வேண்டும் என்று உங்கள் அரை நாள் பயிற்சியில் ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். அந்தப் பயிற்சியில் முக்கால் நேரம் முட்டைக்கோழிக் கூண்டுக்குப் போனது. நானும் சந்தை வாத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், அது என் தவறு.

பறவை ஒன்றுதான் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். வாத்து வேண்டும் என்று மனுக் கொடுத்ததே நாங்கள்தான். மழைக்காலத்தில் ஓடில்லா நத்தை முட்டைக்கோஸையும் கேரட் நாற்றையும் ஒரே ராத்திரியில் மொட்டையடிக்கும். மருந்து தெளித்தால் ஓடையில் கலக்கும், ஓடைதான் குடிதண்ணீர். பிழைத்த 19 வாத்தும் ஐப்பசி மழையில் பாத்தி வரப்பில் வரிசையாக நடந்து நத்தை பொறுக்கியதைப் பார்த்தவர்கள் இந்த யோசனை தப்பு என்று சொல்லமாட்டார்கள். மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையத்தில் இந்தக் குளிருக்கு எந்த ஆடு தாங்கும், எந்தப் புல் வளரும் என்று பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். வாத்துக்கும் அந்தக் கவனத்தில் கொஞ்சம் வேண்டும் என்கிறோம்.

சரி, எங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லி முடிக்கிறேன்.

வரும் மார்கழி விநியோகத்தை நிறுத்துங்கள். கைவிடச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொல்கிறோம். குஞ்சை அடிவாரத்தில் ஒரு தாய்ப்பண்ணையில் ஐந்து வாரமாவது வளர்த்து, இறகு முளைத்து, குடலும் தேறிய பறவையாக மாசிக்குப் பிறகு மலையேற்றுங்கள். பத்துக்குப் பதில் ஆளுக்கு நாலு கொடுத்தாலும் போதும். செலவு கூடும் என்பீர்கள். இந்த முறை செத்த 121 குஞ்சுக்கும் உங்கள் கணக்கில்தான் செலவு எழுதியிருப்பீர்கள்.

ஒரு நாள் குஞ்சாகத்தான் கொடுக்க முடியும் என்று விதி இருந்தால், பொரித்த தேதியோடு நேரத்தையும் பெட்டி மேல் எழுதுங்கள், 24 மணி நேரத்துக்குள் தீனியும் தண்ணீரும் காட்டுங்கள், வழியில் காட்ட முடியாவிட்டால் அந்த வண்டியை அனுப்பாதீர்கள். நோயில்லாத குஞ்சுக்கு ஆண்டிபயாட்டிக் பொட்டலம் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தீவனத்தை மாதாமாதம் அனுப்புங்கள், வாத்துக்கு உரியதாக.

வாத்துக்கென்று தனி அட்டை அச்சடியுங்கள். நம் நாட்டுக் கையேடுகள் வாத்துக் காலராவுக்கு 3, 4 வாரத்திலும் பிளேக்குக்கு 8 முதல் 12 வாரத்துக்குள்ளும் ஊசி போடச் சொல்கின்றன. எங்கள் குஞ்சுகள் ஏழாவது வாரத்திலேயே போய்விட்டன, ஆகவே இந்த மலைக்கு எந்த வாரம் சரி என்று பறவை நோய் தெரிந்த மருத்துவர் ஒருவரை உட்காரவைத்து முடிவெடுங்கள். மருந்து கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள கால்நடைத் தடுப்பு மருந்து நிறுவனத்திலேயே தயாராகிறது. ஐஸ் பெட்டியில் மேல்மலை வரை வந்து சேர வழி செய்யுங்கள்.

ஒரே நாளில் ஐந்து பறவைக்கு மேல் இறந்தால் இரண்டு நாளுக்குள் ஒரு மருத்துவர் வந்து குடலைப் பிளந்து பார்க்க வேண்டும், மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும், முடிவு எழுத்தில் எங்களுக்கு வர வேண்டும். இதை உத்தரவாகப் போடுங்கள்.

'பராமரிப்புக் குறைவு' என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். ஆய்வு செய்த பிறகும் அதேதான் காரணம் என்று தெரிந்தால் மறுபடி எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

அந்த ஆய்வுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்ல வேண்டாம். இரண்டு குஞ்சின் குடல் வளையத்தையும் பையையும் ஈரல் துண்டையும் அன்றைக்கே, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, பென்சிலால் தேதி எழுதிய சீட்டை உள்ளேயே விட்டு மூடிவைத்தேன். மறுநாள் முதல் பஸ் பிடித்து மலையிறங்கி உங்கள் அலுவலகத்துக்கு அதைக் கொண்டுவந்தேன். மனுவில் முத்திரை இல்லை என்று வாங்க மறுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் ஃபார்மலினில் கிடந்தால் வைரஸைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் சீவிச் சாயம் ஏற்றினால் செல்லின் உட்கருவுக்குள் அந்த வைரஸ் விட்டுப்போன அடையாளம் இன்னும் தெரியும். சீவ ஆளில்லை என்றால் நானே வந்து சீவித் தருகிறேன்.

பாட்டில் என் அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. இந்தமுறை முத்திரையோடு மனு தயார். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மேல்மலை மகளிர் குழு ஒன்றின் உறுப்பினர்,
14 வீடுகளின் சார்பில்